முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்

ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. முதலாண்டு வகுப்பில் ஒரே பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கலந்தாய்வில் இடம் பெற்று அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் கட்டியவர். இரண்டாமவர் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர். மூன்றாமவருக்கு 'முதல் பட்டதாரி' சலுகை உண்டு. நான்காமவர் காலனியிலிருந்து வந்த எஸ்.சி. மாணவி. "அவங்களுக்கென்ன, எல்லாம் ஃப்ரீ" என்று மற்ற மூன்று பேரும் நம்புகிறார்கள். ஆனால் செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது ஹால் டிக்கெட் தராமல் ஆபீஸ் ரூமுக்குத் திரும்பத் திரும்ப அழைக்கப்படுவது அந்த நான்காமவர்தான்.

நெமிலி சுற்றுவட்டாரத்தில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் துணை நிற்கும் வேலையை நாங்கள் செய்து வருகிறோம். ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் போனில் வரும் குரல்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, ஸ்காலர்ஷிப் வரும்னு நீங்க சொன்னீங்க. ஆபீஸ்ல, வரும்போது வரட்டும், இப்ப நீ கட்டுன்றாங்க." கட்டணம் இல்லை என்று அரசாணை சொல்கிறது. கட்டு என்று கல்லூரி சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம்? இதற்குப் பதில் தேட கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்வி உதவித்தொகை என்பது காங்கிரசோ கழகங்களோ மனமிரங்கிக் கொடுத்தது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அது கேட்டு வாங்கப்பட்டது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக 1942-இல் பொறுப்பேற்ற பாபாசாகேப் அம்பேத்கர், அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று வைசிராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு கொடுத்தார். கல்வி பற்றிய பகுதியில் அவர் கேட்டது வெறும் 'படிக்க உதவி' அல்ல. பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், அதே படிப்புகளை வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாய் என்று துறையையும் தொகையையும் குறித்துக் கேட்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு மானியம் தருகிறதே, எங்களுக்கு என்ன தருகிறாய் என்பதுதான் வாதம். 1944-இல் ஆண்டுக்கு 3 லட்சம் என்று ஐந்தாண்டுகளுக்கு அரசு ஒத்துக்கொண்டது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்லும் திட்டத்தின் தொடக்கம் அதுதான். ஆக, தொழிற்கல்விக் கட்டணம் இந்தத் திட்டத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயமில்லை. கேட்கும்போதே அது மையத்தில் இருந்தது.

பாதியில் நின்றுபோகும் பணம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியாவுக்குப் போனார். அங்கிருந்து 1916-இல் லண்டன். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனால் அங்கே தங்க இடம் தர ஆளில்லை. மறுபடி லண்டன் போக 1920 ஆனது. அதுவும் சொந்தச் சேமிப்பு, நண்பரிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி எல்லாம் சேர்ந்து. அத்தனை மேதைமைக்கும் மூன்று வருட இடைவெளி. காரணம் காசு.

நம் மாகாணத்தில் கதை வேறு வழியில் ஓடியது. 1893-இல் சென்னை அரசு 'பஞ்சமர்' கல்விக்கென்று தனி ஆணை போட்டது. 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவானபோது, தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பள்ளி, கிணறு, வீட்டுமனை, உதவித்தொகை எல்லாம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதனால்தான் சேரிப் பள்ளிக்கு 'லேபர் ஸ்கூல்' என்று பெயர். பிறகு அரிஜன நலத்துறை, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை என்று பலகை மாறியது. வட ஆர்க்காட்டில் ஆர்க்காடு மிஷன் நடத்திய பள்ளிகளும் இருந்தன. இந்தப் பகுதியின் முதல் தலைமுறை தலித் ஆசிரியர்கள், செவிலியர்கள் பலர் இந்த இரண்டு வகைப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். எஞ்சினியர்கள் அவ்வளவாக இல்லை.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டது, உரோமம் நீக்கியது, குரோமியத் தண்ணீரில் நின்றது எல்லாம் பெரும்பாலும் நம் மக்கள். தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட அதே தோல், 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தபோது அறிவியல் ஆனது. தோல் தொழில்நுட்பம் என்று பி.டெக். பட்டம் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். கையால் செய்தால் சாதித் தொழில், கட்டணம் கட்டிப் படித்தால் டெக்னாலஜி. சமூகவியல் வகுப்பில் எத்தனை கோட்பாடு படித்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது என்று எங்களுக்குத் தோன்றும்.

எண்பதுகள் வரை தொழிற்கல்வி என்றால் பெரும்பாலும் அரசுக் கல்லூரி. கட்டணம் குறைவு, இடமும் குறைவு. 1984 வாக்கில் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. இடங்கள் பெருகின. அதோடு சேர்ந்து கட்டணம் ஆளுக்கு ஆள் வேறுபடும் முறையும் வந்தது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 1989-இல் அரசே இதை அறிவிக்கை போட்டு முறைப்படுத்தியது. தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடம் என்றால் ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவர் என்றால் 25,000 வரை, வெளி மாநிலத்தவர் என்றால் 60,000 வரை. மோகினி ஜெயின் என்ற மாணவி இதை எதிர்த்துப் போன வழக்கில்தான், கல்வி பெறுவது உரிமை, நன்கொடைக் கட்டணம் சட்டவிரோதம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடும் நன்கொடை வசூலைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நன்கொடையும் இருக்கிறது.

அடுத்த ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில் நீதிமன்றம் ஒரு சூத்திரம் போட்டது. தனியார் கல்லூரியில் பாதி 'இலவச' இடம், பாதி 'கட்டண' இடம். கட்டண இடத்தில் வருகிறவர் கொஞ்சம் அதிகம் கொடுத்து, இலவச இடத்தில் வருகிறவரைத் தாங்குவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதிப்பெண்ணை வைத்து இலவச இடம் கொடுத்தால், நகரத்தில் நல்ல பள்ளியில் டியூஷன் வைத்துப் படித்தவர் இலவச இடத்துக்குப் போவார். கிராமத்துப் பிள்ளை நிலத்தை விற்றுக் கட்டண இடத்துக்குப் போவார். ஏழை பணக்காரரைத் தாங்குவார். இது நாங்கள் கண்டுபிடித்த குற்றச்சாட்டு அல்ல. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வே இதைச் சுட்டிக்காட்டித்தான் அந்தச் சூத்திரத்தை ரத்து செய்தது. ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன மாற்று, கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் கல்லூரிக்கே என்பது. 2005-இல் இனாம்தார் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரியில் இட ஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்றார்கள். உடனே நாடாளுமன்றம் 93-ஆவது திருத்தம் கொண்டுவந்து 15(5) பிரிவைச் சேர்த்தது. தனியார் கல்லூரியில் எஸ்.சி. மாணவருக்கு இடம் கேட்கும் உரிமை இப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

இடம் கிடைத்துவிட்டது. கட்டணம்?

தமிழ்நாட்டில் அதை நிர்ணயிக்க நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைந்தது. சிறுபான்மையல்லாத கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீடு, மீதி நிர்வாகம். 2017-இல் அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 என்று நிர்ணயித்தார்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இது ஏட்டில் உள்ள எண். பஸ் ஃபீஸ், 'டெவலப்மென்ட்', 'ட்ரெயினிங்' என்று வேறு பெயரில் கேட்பது தனி. வேலூரிலேயே பெரிய பெயரான வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த அரசுக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அதனால் 'எங்க ஊர்லயே பெரிய காலேஜ் இருக்கே' என்று கேட்கும் பிள்ளையிடம் இந்த வேறுபாட்டை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

2010-இல் கலைஞர் ஆட்சி முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. சாதி பார்க்காமல் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு. நல்ல திட்டம். ஆனால் தலித் மாணவர்களுக்குப் பெரிய திருப்பம் 2012 செப்டம்பர் 11 அன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வெளியிட்ட அரசாணை எண் 92. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் தோழர்களே. பெற்றோர் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும், குழு நிர்ணயித்த திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும். வருமான வரம்பு அப்போது 2 லட்சம், அடுத்த ஆண்டு 2.5 லட்சம்.

மதம் மாறியவர்களைச் சேர்த்தது நம் பகுதிக்கு மிக முக்கியம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்துவ தலித் பட்டியல் சாதி ஆகமாட்டார். எனவே மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் பணம் அவருக்கு இல்லை. மாநிலம் தன் பணத்தில் கொடுத்தால்தான் உண்டு. ஒரே காலனி, ஒரே தெரு, ஒரே சாதி இழிவு. ஆனால் வீட்டு வாசலில் சிலுவை இருந்தால் உதவித்தொகையின் கணக்குத் தலைப்பு வேறு.

அரசாணை 92 காலனிகளில் செய்தது சாதாரண மாற்றம் அல்ல. ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன பெண் பிள்ளைகள் பலர் கல்லூரிப் பஸ்ஸில் ஏறினார்கள். அதே சமயம் வேறொன்றும் நடந்தது. மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டி, இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்த காலம் அது. அரசு கட்டணம் தரும் மாணவர் என்பவர் கல்லூரிக்கு உறுதியான வருமானம். ஆள் பிடிக்கும் தரகர்கள் காலனிக்கு வந்தார்கள். "ஒரு ரூபா கட்ட வேண்டாம்மா, சர்ட்டிபிகேட் மட்டும் குடு" என்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களை வாங்கிப் போனார்கள். ஆசிரியர் இல்லாத, லேப் இல்லாத கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் நம் பிள்ளைகளால் நிரம்பின. தரகர்கள் அன்று மடக்கிய இந்த இடங்கள் மீதுதான் அடுத்த அடி விழுந்தது.

அந்த அடிக்கு முன்னால் கணக்கு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தை 'நூறு விழுக்காடு மத்திய அரசுத் திட்டம்' என்று சொல்வார்கள். உண்மையில் ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போதும், கடைசி ஆண்டில் எவ்வளவு செலவானதோ அது மாநிலத்தின் 'உறுதிப் பொறுப்பு' ஆகிவிடும். அதற்கு மேல் ஆகும் தொகையை மட்டும் மத்திய அரசு தரும். அதாவது எந்த மாநிலம் அதிக தலித் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறதோ, அதன் தலையில் அடுத்த முறை அதிகச் சுமை. 12-ஆவது திட்டம் 2017-இல் முடிந்தபோது தமிழ்நாட்டின் உறுதிப் பொறுப்பு ஆண்டுக்குச் சுமார் 350 கோடியிலிருந்து ஏறத்தாழ 1,500 கோடிக்கு எகிறியது. அரசாணை 92-ஆல் படிக்க வந்தவர்களின் எண்ணிக்கையே மாநிலத்துக்குத் தண்டனை ஆயிற்று.

மாநிலம் அந்தச் சுமையை மாணவர் பக்கம் தள்ளியது. 2017-இல் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களுக்கான தொகையை அரசு ஒதுக்கீட்டு அளவுக்குக் குறைத்தார்கள். 2018-இல் மத்திய அரசின் புதிய நெறிமுறை, நிர்வாக ஒதுக்கீட்டிலும் நேரடிச் சேர்க்கையிலும் வந்தவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்றது. கலந்தாய்வு என்றால் என்னவென்று சொல்ல ஆளில்லாத வீட்டிலிருந்து தரகர் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைக்குத்தான் இந்த விதி வலித்தது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் காசுள்ளவர் வாங்கும் இடம் என்று டெல்லியில் எழுதினார்கள். காலனியில் அது தகவல் தெரியாதவர் மாட்டும் இடமாகவும் இருந்தது.

உறுதிப் பொறுப்புக் குளறுபடி 2020 டிசம்பரில்தான் தீர்ந்தது. மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ஒதுக்கி, மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு வகுத்தது. புதிய முறையில் மாநிலம் முதலில் தன் பங்கை விடுவிக்க வேண்டும். பிறகு மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ஊழல் குறையும் என்றார்கள், குறைந்தும் இருக்கலாம். ஆனால் கல்லூரியைப் பொறுத்தவரை, முன்பு அரசிடம் கேட்க வேண்டியிருந்த பாக்கியை இப்போது பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. ஆதார் இணைப்பு விடுபட்டிருந்தால், பேங்க் கணக்கு முடங்கியிருந்தால், வருமானச் சான்று தாலுகா ஆபீஸில் தாமதமானால், கடன்காரர் அவள்தான். விடுதியில் தங்காத தொழிற்கல்வி மாணவருக்கு இந்தத் திட்டம் தரும் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 7,000 ரூபாய். மாதம் 600-க்கும் கீழே. வருமான வரம்பு இன்னமும் 2.5 லட்சம். உயர்சாதி ஏழை என்று சான்று வாங்க 8 லட்சம் வரை அனுமதி உண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் தோல் தொழிற்சாலையில் ஓரளவு நிரந்தர வேலையில் இருந்தாலே 2.5 லட்சத்தைத் தாண்டிவிடுவார்கள்.

எல்லாமே காசு கேட்டுப் பிறகு தருவதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதே வழியை ஆதிதிராவிடர் மாணவர் அனைவருக்கும் ஏன் போடவில்லை என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கதை நம் ஊரோடு நிற்பதில்லை. ஐ.ஐ.டி.களில் 2016-இல் ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000-இலிருந்து 2 லட்சமாக உயர்ந்தபோது, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அது முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் இடத்தை உறுதிசெய்ய ஒரு முன்பணம் உண்டு. உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலியின் மகனான ஒரு தலித் மாணவருக்கு 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கடைசி நாள் ஜூன் 24, மாலை 5 மணி. பணம் புரட்டி முடிக்கும்போது 4.45 ஆகிவிட்டது, இணையப் பக்கம் மூடுவதற்குள் கட்ட முடியவில்லை. இடம் போயிற்று. ஆணையங்கள், உயர் நீதிமன்றம் என்று அலைந்து, செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி இடம் கொடுக்கச் சொன்னது. லட்சங்களைத் தள்ளுபடி செய்த அமைப்பு பதினேழாயிரத்து ஐந்நூறில் கதவை மூடியது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 28 அன்று, நம் நெமிலி வட்டத்துப் பணப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்றார்கள். டிசம்பரில் அதே பணப்பாக்கத்தில் ஹாங்ஃபு காலணி ஆலை, 25,000 வேலை. காலணி ஆலைக்கு நம் பெண்களைக் கூட்டிப்போக பஸ் எல்லாக் காலனிக்கும் வரும், சந்தேகமில்லை. கார் ஆலையின் டிசைன் பிரிவிலும் தரக்கட்டுப்பாட்டிலும் உட்காரப் போகிற எஞ்சினியர்கள் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்பதை இந்தச் சில வருடங்களின் கல்லூரி ஆபீஸ் ரூம்கள்தான் தீர்மானிக்கும்.

எனவே இந்த ஆண்டு சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு: கலந்தாய்வு வழியாக மட்டும் சேருங்கள், அசல் சான்றிதழைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். மத்திய நெறிமுறையிலேயே 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஒன்று இருக்கிறது, அதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்காமல் சேர்க்க வேண்டும். அதைப் பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கல்லூரிக்குப் போகும்போது அரசாணை 92-இன் நகல் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை ஆபீஸில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். "பணம் கட்டினால்தான் சேர்ப்போம்" என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அப்படி மறுத்த தேதி, நேரம், பேசியவரின் பதவி மூன்றையும் அங்கேயே குறித்துக்கொண்டு எங்களுக்குப் போன் பண்ணுங்கள்.